ஆகாத ஒன்பது

உன் பெயர் எனக்குத் தெரியாது.
பை எண் தெரியும்: நாலாயிரத்து நூற்றுப் பதினேழு.
போச்சம்பள்ளி கல்லூரியில் முகாம் நடந்த தேதி
சீட்டில் இருந்தது. மீதியை நானே ஊகித்தேன்.
இடது கையை நீட்டியிருப்பாய்.
ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லியிருப்பார்கள்.
மாம்பழச் சாறு, நாலு பிஸ்கட்,
ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு
மத்தியான பஸ்ஸில் வீடு போயிருப்பாய்.

நான் அம்சவேணி. கம்பைநல்லூர். பி பாசிட்டிவ்.
எட்டு மாதக் குழந்தையில் தொடங்கியது,
மூன்று வாரத்துக்கு ஒருமுறை தருமபுரி.
இருபத்து மூன்று வருஷத்தில்
ஐந்நூறு பேருக்கு மேல் எனக்குள் வந்து போயிருக்கிறார்கள்.
புதுசாக யார் வந்தாலும் எங்கள் ஊர் டீக்கடையில்
சுற்றி வளைத்துக் கேட்கிற அந்தக் கேள்வியை
என் உடம்பு யாரிடமும் கேட்டதில்லை.
ஊர்த் தண்ணீரில் பல் பழுப்பேறிய பென்னாகரத்துக்காரர்,
பட்டுக்கூடு ஏலம் முடித்து நேராக வந்தவர்,
போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகும் பையன்கள்,
எல்லோரும் பைக்குள் ஒரே சிவப்பு.

உன்னிடம்தான் கேட்டது.

உன் அணுவின் தோலில் ஒரு மச்சம்.
என்னுடையதில் அது கிடையாது.
கிட் என்று பெயர். எந்த நாட்டிலோ
ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் குடும்பப் பெயராம்.
உனக்கு முன்னால் வந்தவர்களில் பாதிக்கு மேல்
அதே மச்சத்தோடுதான் வந்திருப்பார்கள்.
அப்போதெல்லாம் சும்மா இருந்த உடம்பு
உனக்குப் பிறகு ஏன் முறைத்துக்கொண்டது என்றால்
டாக்டரும் தெரியாது என்றுதான் சொன்னார்.
அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த பை குழாயிலேயே திரிந்தது.

அப்புறம் அது ஒளிந்துகொண்டது.
எட்டு மாதத்தில் எந்தச் சோதனைக்கும் சிக்கவில்லை.
பேச்சு விட்டுப்போன பங்காளி போல:
கல்யாண வீட்டில் எதிரெதிர் இலை விழும்வரை
கோபம் இருப்பதே தெரியாது.

ஓசூரில் செல்போன் கம்பெனியில் சேர்ந்த முதல் மாதம்
தலை சுற்றி லைனிலேயே விழுந்தேன்.
என் அட்டை கம்பைநல்லூரில், பீரோவில்.
அங்கே நன்றாகத்தான் பார்த்தார்கள்,
ஒன்றும் இல்லை, சுத்தம் என்றார்கள், ஏற்றினார்கள்.
ஆறாம் நாள் கண் மஞ்சள்.
சிறுநீர் கடுங்காப்பி.
வந்த விருந்தாளியை அறைக்குள் வைத்து
அடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்கவில்லை,
இடுப்பு மட்டும் வலித்தது.

இப்போது அட்டை போன் உறைக்குள் இருக்கிறது.
பின்பக்கம் ரத்த வங்கி ஹசீனா அக்கா எழுதியது:
'சோதனையில் தெரியாவிட்டாலும் உண்டு. நம்பவும்.'
கீழே கையெழுத்து, சீல்.
என்னைப் பற்றி யாரும் இவ்வளவு உறுதியாக
எழுதிக் கொடுத்ததில்லை.

மச்சம் பார்க்கும் மருந்து சேலத்திலிருந்து வர
இந்த முறை இரண்டு நாள்.
படி ஏறினால் காதுக்குள் செண்டை.
நேற்று சாயங்காலம் அக்கா பதினோரு பையைப் பார்த்தார்,
ஒவ்வொரு குழாயாகத் தட்டி, விளக்குக்குக் காட்டி.
ஒன்பதில் இருந்தது. இரண்டில் இல்லை.
"ரெண்டு போதும்டி" என்றார். போதும்தான்.

ராத்திரி ஒரு மணிக்குத் தொப்பூர்க் கணவாயில்
தக்காளி வண்டி கவிழ்ந்தது.
கிளீனர் பையன், மீசை சரியாக முளைக்கவில்லை,
சட்டையில் எது தக்காளி என்று பிரிக்க முடியவில்லை.
அவனும் பி பாசிட்டிவ்.
எனக்கு ஆகாத ஒன்பதில் நாலு அவனுக்குப் போனது.
அவன் உடம்பு இதுவரை யாரையும் சந்தித்ததில்லை,
வந்தவர்களை எல்லாம் உள்ளே விட்டது.

என் இரண்டாவது பை முடியும்போது விடிந்துவிட்டது.
பக்கத்து வார்டில் அவனுக்கு மூன்றாவது ஓடுகிறது.
நீ இன்னும் கொடுக்கிறாயா, இந்த முகாமுக்கும் வந்தாயா,
தெரியாது. அந்த நாலில் ஒன்று உன்னுடையதாக இருக்கலாம்.

ஏழு மணி பஸ்ஸை விட்டுவிட்டேன்.
அவன் கண் விழித்ததும் பார்த்துவிட்டுப் போகிறேன்,
வெள்ளையாக இருக்கிறதா என்று.